முன்னணி வேட்பாளரைச் சொந்தக் கட்சியினரே எதிர்க்கலாமா? வாசகர் வட்டத்தில் விவாதிக்க ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தின் நூலக வாசகர் வட்டங்களிலும், கல்லூரிப் பேச்சு மன்றங்களிலும், கோயில், ஆலயத் திருவிழாக்களில் இளைஞர் சங்கங்கள் நடத்தும் பட்டிமன்றங்களிலும் அமெரிக்க அதிபர் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் பேசுபொருளாகிறது. மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்தில் பிள்ளைகள் அங்கே செவிலியர்களாகவும் கணினிப் பொறியாளர்களாகவும் இருக்கும் குடும்பங்கள் குறைவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் பேச்சு பெரும்பாலும் டிரம்ப் நல்லவரா கெட்டவரா என்பதில் தொடங்கி, நம் ஊர்க் கட்சிகளின் கோஷ்டிச் சண்டையில் போய் முடிந்துவிடும். அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு கட்சியில் எல்லோரும் "இவர்தான் வேட்பாளர்" என்று ஏறத்தாழ முடிவு செய்துவிட்ட பிறகு, அவரைச் சொந்தக் கட்சிக்காரரே எதிர்த்து நிற்பது கட்சிக்கு நல்லதா? இதை இரண்டு மணி நேரத்தில், வருகிறவர்கள் ஏதேனும் கற்றுக்கொண்டு போகும்படி எப்படி விவாதிப்பது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

தலைப்பை முதலில் இறுக்கிக் கட்டுங்கள்

"உட்கட்சிப் போட்டி தேவையா" என்று பொதுவாகத் தலைப்பு வைத்தால் விவாதம் உருப்படாது. எவர் எதிர்க்கப்படுகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும். பதவியில் இருக்கும் அதிபரே மறுபடியும் நிற்கும்போது அவரை எதிர்ப்பது ஒன்று. அதிபர் விலகிய பின் துணை அதிபரோ மூத்த தலைவரோ வாரிசுபோல் முன்னால் நிற்கும்போது எதிர்ப்பது இன்னொன்று. கருத்துக்கணிப்பிலும் நன்கொடையிலும் மட்டும் முந்தி நிற்பவரை எதிர்ப்பது மூன்றாவது. முதல் வகையில், ஆட்சியின் மீதே சொந்தக் கட்சி குறை சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற இரண்டிலும் அந்தச் சங்கடம் குறைவு. முதல் கூட்டத்துக்கு முதல் வகையை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் சான்றுகள் அதிகமாக இருப்பதும் உணர்ச்சி அதிகமாகக் கிளம்புவதும் அங்கேதான்.

"வேண்டுமா" என்பதையும் பிரித்துவிடுங்கள். போட்டியிடும் உரிமை எவருக்கும் இருக்கிறது. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. கட்சித் தலைமை அதை ஊக்குவிக்க வேண்டுமா, பேசாமல் இருக்க வேண்டுமா, தடுக்கலாமா என்பதுதான் விவாதத்துக்கு உரியது. நான் பயன்படுத்தும் தலைப்பு இது: "பதவியில் உள்ள அதிபருக்கு எதிராகச் சொந்தக் கட்சியில் வலுவான போட்டியாளர் கிளம்பினால், கட்சித் தலைமை வழிவிட வேண்டும்." இதற்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடியும் என்பதால் இரு அணி பிரிப்பது எளிது.

முறையை விளக்க கால் மணி நேரம் போதும்

அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளரைத் தலைமை அறிவிப்பதில்லை. தேர்தல் ஆண்டின் ஜனவரி அல்லது பிப்ரவரி முதல் ஜூன் வரை மாநிலம் மாநிலமாகப் பிரைமரி எனப்படும் வாக்கெடுப்போ, கூடிப் பேசி முடிவெடுக்கும் காக்கஸோ நடக்கும். அந்தந்த மாநிலத்து வாக்குகளைப் பொறுத்து வேட்பாளர்களுக்குப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். கோடையில் நடக்கும் கட்சி மாநாட்டில் பெரும்பான்மைப் பிரதிநிதிகளைப் பெற்றவர் வேட்பாளராவார். ஜனநாயகக் கட்சியில் பொதுவாக 15 விழுக்காடு வாக்கு பெறாதவருக்குப் பிரதிநிதிகள் கிடையாது. குடியரசுக் கட்சியில் சில மாநிலங்களில் முதலிடம் பெற்றவருக்கே எல்லாப் பிரதிநிதிகளும் போய்விடுவார்கள்.

இந்த முறை பழமையானதன்று என்பதையும் சொல்லுங்கள். 1968 வரை பல மாநிலங்களில் கட்சிப் பெரியவர்களே பிரதிநிதிகளைத் தீர்மானித்தார்கள். அந்த ஆண்டு ஒரு பிரைமரியிலும் நிற்காத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் வேட்பாளரானார். வெளியே வியட்நாம் போரை எதிர்த்தவர்களைக் காவல்துறை அடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட மெக்கவர்ன்–ஃபிரேசர் குழு விதிகளைத் திருத்திய பின்னரே வாக்காளர் கைக்கு அதிகாரம் வந்தது. இதற்கு மேல் விளக்கப் போனால் கூட்டம் கொட்டாவி விடும்.

விளக்குவதைவிடச் செய்துகாட்டுவது நன்றாகப் பதியும். அடுத்த மாதம் எதைப் படிப்பது என்பதற்கு நாவல், வரலாறு, கட்டுரை, கவிதை என்று நான்கு "வேட்பாளர்களை" நிறுத்துங்கள். வந்திருப்பவர்களை அவரவர் தாலுகாப்படி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று பிரித்து அமர்த்துங்கள். திருவட்டாறு, கிள்ளியூர்க்காரர்கள் இருந்தால் அவர்களுக்கும் தனி வரிசை. எல்லோரும் ஒரே நேரத்தில் வாக்களிக்கக் கூடாது. முதலில் தோவாளைக்காரர்கள் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். அதை எண்ணிப் பலகையில் எழுதிய பிறகே அகஸ்தீஸ்வரம் வாக்களிக்க வேண்டும். கடைசியில் இருப்பது விலகிக்கொள்ளட்டும். இப்படி வரிசையாகப் போகும்போது, ஆறே பேர் உட்கார்ந்திருக்கும் முதல் வரிசை சொன்னது பின்னால் இருக்கும் முப்பது பேரின் மனத்தை எப்படிச் சாய்க்கிறது என்பது எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிந்துவிடும். வழக்கமாக முதலில் வாக்களித்துவந்த அயோவாவுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் ஏன் அவ்வளவு மவுசு என்று அப்புறம் விளக்க வேண்டியிருக்காது.

பிறகு இரண்டாம் சுற்று வையுங்கள். முதல் சுற்றில் முந்தியதன் பெயரை மட்டும் எழுதி, "இது ஒன்றுதான் நிற்கிறது, வாக்களியுங்கள்" என்று சொல்லுங்கள். சிலர் வெற்றுச் சீட்டு போடுவார்கள், சிலர் சீட்டையே கொடுக்க மாட்டார்கள். அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாமல் தனியே எண்ணி வையுங்கள். 2024 பிப்ரவரியில் மிச்சிகன் மாநில ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில், பைடனின் காசாக் கொள்கை பிடிக்காத ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் "எவருக்கும் உறுதியளிக்கவில்லை" என்ற கட்டத்தில் குறியிட்டார்கள். வலுவான போட்டியாளர் இல்லாத இடத்திலும் அதிருப்தி ஒரு பாதையைத் தேடிக்கொள்ளும் என்பதற்கு அது சான்று.

பலகையில் ஆண்டுகளை எழுதுங்கள்

விவாதத்தின் உயிர் இந்தப் பகுதிதான். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பலகையில் நான்கு கட்டம் போட்டு, ஆண்டு, எதிர்த்தவர், போட்டி தொடங்கும் முன்பே நாட்டில் இருந்த நிலை, நவம்பர் பொதுத் தேர்தல் முடிவு என்று தலைப்பிடுங்கள். மூன்றாவது கட்டத்தைக் கடைசியாக நிரப்புவதில் ஒரு நோக்கம் இருக்கிறது.

1968: வியட்நாம் போரை எதிர்த்து யூஜின் மெக்கார்த்தி அதிபர் ஜான்சனை எதிர்த்தார். நியூ ஹாம்ப்ஷயரில் ஜான்சனே முந்தினாலும் மெக்கார்த்தி 42 விழுக்காடு பெற்றார். மார்ச் 31 அன்று ஜான்சன் விலகினார். நவம்பரில் நிக்சன் வென்றார். 1976: ரீகன் அதிபர் ஃபோர்டை எதிர்த்து மாநாடு வரை போராடினார், 1,187 பிரதிநிதிகளுக்கு 1,070 என்ற கணக்கில் ஃபோர்டு தப்பினார், நவம்பரில் கார்ட்டரிடம் தோற்றார். 1980: அதே கார்ட்டரை எட்வர்டு கென்னடி எதிர்த்தார், கார்ட்டர் உட்கட்சியில் வென்று, பொதுத் தேர்தலில், மாநிலவாரியாகக் கிடைக்கும் 538 தேர்வாளர் வாக்குகளில் வெறும் 49 பெற்று ரீகனிடம் வீழ்ந்தார். 1992: பேட் புக்கனன் நியூ ஹாம்ப்ஷயரில் மூத்த புஷ்ஷுக்கு எதிராக 37 விழுக்காடு எடுத்தார், புஷ் கிளின்டனிடம் தோற்றார். இதற்கு நேர்மாறாக 1984 இல் ரீகன், 1996 இல் கிளின்டன், 2004 இல் இளைய புஷ், 2012 இல் ஒபாமா ஆகியோர் சொல்லும்படியான எதிர்ப்பின்றி வேட்பாளராகி, நவம்பரிலும் வென்றார்கள்.

இதைப் பலகையில் பார்த்ததுமே அரங்கத்தில் பாதிப் பேர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: எதிர்த்தால் தோல்வி, எதிர்க்காவிட்டால் வெற்றி. சொல்லட்டும், தடுக்காதீர்கள். அதன் பிறகு மூன்றாவது கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள்.

ஜான்சனுக்கு எதிரான வாக்கு விழுவதற்கு ஆறு வாரம் முன்பு வியட்நாமில் கம்யூனிஸ்டுப் படைகளின் பெரும் டெட் தாக்குதல் நடந்திருந்தது. ஃபோர்டு மக்கள் வாக்கால் அதிபராகவோ துணை அதிபராகவோ வந்தவர் அல்லர். வாட்டர்கேட் விவகாரத்தில் பதவி விலகிய நிக்சனுக்கு 1974 செப்டம்பரில் மன்னிப்பு வழங்கியதன் விலையை ரீகன் களமிறங்கும் முன்பே கொடுத்துக்கொண்டிருந்தார். கார்ட்டர் காலத்தில் 1979 இல் விலைவாசி இரட்டை இலக்கத்தில் ஏறிப் பெட்ரோலுக்கு வரிசை நின்றது. மூத்த புஷ் "புதிய வரிகள் இல்லை" என்று வாக்குறுதி தந்துவிட்டு 1990 இல் வரியை உயர்த்தினார், பொருளாதாரமும் தேங்கியது. குடை விரிந்ததால் மழை வந்தது என்று இரண்டு பருவமழையும் பார்க்கும் நம் மாவட்டத்தில் எவரும் சொல்ல மாட்டார்கள். அதிபர் ஏற்கெனவே பலவீனமாக இருப்பதால்தான் வலுவான ஆள் துணிந்து எதிர்க்க வருகிறார். நவம்பர் தோல்விக்கும் அந்தப் பலவீனமே பெரும்பாலும் காரணம்.

பேச்சு இங்கே சூடுபிடிக்கும்போது, அந்த விதியை மீறும் இரண்டு ஆண்டுகளைக் கட்டாயம் எழுதுங்கள். 1972 இல் நிக்சனை பால் மெக்லோஸ்கியும் ஜான் ஆஷ்புரூக்கும் உட்கட்சியில் எதிர்த்தார்கள். மெக்லோஸ்கி நியூ ஹாம்ப்ஷயரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாக்கு எடுத்தார். நிக்சன் நவம்பரில் 49 மாநிலங்களை வென்றார். 2020 இல் டிரம்புக்கு உட்கட்சியில் பொருட்படுத்தத்தக்க எதிர்ப்பே இல்லை; தென் கரோலினா, நெவாடா, கேன்சஸ், அரிசோனா போன்ற மாநிலங்களில் கட்சியே வாக்கெடுப்பை ரத்து செய்தது. ஆனாலும் அவர் தோற்றார். இந்த இரண்டையும் எழுதாமல் முன்னால் சொன்ன பட்டியலை மட்டும் காட்டினால், அது விவாதம் நடத்துவதாகாது, ஆள் சேர்ப்பதாகும்.

இதனால் போட்டிக்கு விலையே இல்லை என்று ஆகிவிடாது. எதிர் அணிக்கும் நியாயமான வாதங்கள் உண்டு. அவர்களுக்கு நீங்களே எடுத்துக்கொடுங்கள். ரீகன் பக்கத்து அழுத்தத்தால் ஃபோர்டு தன் துணை அதிபர் ராக்கஃபெல்லரை மறு தேர்தல் அணியிலிருந்து விலக்க வேண்டியிருந்தது. 1980 மாநாட்டு மேடையில் கார்ட்டர் கென்னடியின் கையைப் பிடித்து உயர்த்தப் பார்க்க, கென்னடி நழுவி நழுவிப் போனதை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. மனம் ஒன்றாத கட்சி என்பதற்கு அதைவிட விளம்பரம் தேவையில்லை. போட்டி முடிந்த பின் தோற்றவர் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு மனமுவந்து மேடையேறுகிறார் என்பது, போட்டி நடந்ததா இல்லையா என்பதைவிடக் கட்சிக்கு முக்கியம் என்பது என் கணிப்பு. 2008 இல் ஒபாமாவும் ஹிலாரியும் ஜூன் வரை மோதினார்கள். ஹிலாரி ஒப்புக்கொண்டு ஆதரவு தந்தார், ஒபாமா 365 தேர்வாளர் வாக்குகளோடு வென்று அவரையே வெளியுறவு அமைச்சராக்கினார்.

உட்கட்சிக்காரர் கிளப்பும் குற்றச்சாட்டு எதிர்க்கட்சிக்கு ஆயுதமாகிவிடும் என்பார்கள். இது உண்மைதான். 1988 ஏப்ரலில் நியூயார்க்கில் நடந்த உட்கட்சி விவாதத்தில், மாசசூசெட்ஸ் சிறைக்கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு தரும் திட்டத்தைப் பற்றி ஆல் கோர், அம்மாநில ஆளுநரும் பின்னர் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானவருமான டுகாக்கிஸிடம் கேட்டார். அதே விஷயத்தை இலையுதிர் காலத்தில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மூத்த புஷ்ஷின் தரப்பு பெரும் பிரச்சாரமாக்கியது. ஆனால் இதையே திருப்பிப் பார்க்கவும் முடியும்: ஏப்ரலில் கேள்வி வந்துவிட்டதால், டுகாக்கிஸுக்கு நல்ல பதில் தயாரிக்க ஐந்து மாதம் கிடைத்தது, அதை அவர் பயன்படுத்தவில்லை. எதிர்க்கட்சிக்காரர் தானாகக் கண்டுபிடிக்க முடியாத குறை என்று எதுவும் பெரிதாக இருப்பதில்லை. இந்த இடத்தில் இரு அணியினரையும் ஐந்து நிமிடம் எழுந்து பேசவிடுங்கள். தயாரித்து வந்த பேச்சைவிட இது நன்றாக இருக்கும்.

2024 ஐத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள்

இதைப் பலகையில் மற்ற ஆண்டுகளோடு சேர்த்து எழுதாமல் தனியாக வைத்திருந்து பேச வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் முழுவதையும் இதுவே விழுங்கிவிடும். ஜனநாயகக் கட்சித் தலைமை, நியூ ஹாம்ப்ஷயருக்கு முன்னால் தென் கரோலினாவை முதலில் நடத்த ஆணையிட்டது. பைடனுக்கு வசதியான மாநிலம் அது. நியூ ஹாம்ப்ஷயர் கேட்காமல் ஜனவரி 23 அன்று தானே நடத்தியது. பைடன் பெயர் சீட்டிலேயே இல்லை. ஆதரவாளர்கள் கையால் எழுதிப் போட்டு அவரை வெல்ல வைத்தார்கள். அவரை எதிர்த்து நின்ற டீன் ஃபிலிப்ஸ் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டார். ஃபுளோரிடாவில் கட்சி பைடன் பெயரை மட்டும் கொடுத்ததால் பிரைமரியே நடக்கவில்லை. உட்கட்சி விவாதம் ஒன்றுகூட இல்லை. ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் டிரம்போடு விவாத மேடையேறிய பிறகுதான், வயது பற்றி வாக்காளர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்ததைக் கட்சி வாய்விட்டுப் பேசத் தொடங்கியது. ஜூலை 21 அன்று பைடன் விலகினார். கமலா ஹாரிஸுக்குக் கிடைத்தது 107 நாட்கள். தேர்வாளர் வாக்கு முடிவு: டிரம்ப் 312, ஹாரிஸ் 226.

ஒரு பிப்ரவரி மாத விவாத மேடை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் வழிவிடலாம் என்ற அணிக்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. எதிரணி ஒன்று கேட்கலாம்: ஃபிலிப்ஸ் நின்றாரே, வாக்காளர்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லையே? நியாயமான கேள்வி. பெயரளவில் ஆள் நிற்பது வேறு, கட்சியின் ஆளுநர்களும் செனட்டர்களும் துணிந்து நிற்பது வேறு. தலைமை வழியை அடைக்கும்போது அடைபடுவது இரண்டாவது வகையினர்தான். குடியரசுக் கட்சிப் பக்கத்தையும் விடாதீர்கள். டிரம்பை நிக்கி ஹேலியும் டிசான்டிஸும் எதிர்த்தார்கள், அவர் ஓர் உட்கட்சி விவாதத்துக்கும் வரவில்லை, ஆனாலும் வென்றார். போட்டியாளர் இருந்தால் மட்டும் வேட்பாளர் சோதிக்கப்பட்டுவிடுவார் என்ற எண்ணத்தை இது கொஞ்சம் அசைக்கும்.

"அது அவங்க ஊரு" என்று சொல்பவருக்கு

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது எழுந்து, "சாரே, அங்க யாரு நின்னா நமக்கு என்ன?" என்பார். அவருக்குக் காமராசரைச் சொல்லுங்கள். 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் மக்களவைத் தொகுதி அனுப்பிவைத்த அதே காமராசர், அதற்கு முன் காங்கிரஸ் தலைவராக இருந்து இரண்டு பிரதமர்கள் தேர்வை நடத்தியவர். 1964 இல் நேரு மறைந்ததும் உறுப்பினர்களையும் முதல்வர்களையும் தனித்தனியே கலந்துபேசி, வாக்கெடுப்பில்லாமல் சாஸ்திரியை ஒருமனதாக்கினார். 1966 இல் சாஸ்திரி மறைந்தபோது அதே வழி நடக்கவில்லை; மொரார்ஜி தேசாய் விலக மறுத்தார். வாக்கெடுப்பில் இந்திரா காந்தி 355, மொரார்ஜி 169. மறு ஆண்டு மொரார்ஜி இந்திராவின் அமைச்சரவையிலேயே துணைப் பிரதமரானார். கட்சி 1969 இல் உடைந்ததை 1966 வாக்கெடுப்பின் கணக்கில் எழுதலாமா கூடாதா என்று கேட்டுப் பாருங்கள். மூத்த உறுப்பினர்கள் அங்கேயே இரண்டாகப் பிரிவார்கள்.

களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். அங்கே மக்களவை உறுப்பினராக இருக்கும் சசி தரூர் 2022 இல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில், தலைமையின் விருப்பத்துக்குரியவர் என்று பேசப்பட்ட கார்கேவை எதிர்த்தார். கார்கே 7,897, தரூர் 1,072. 2000 இல் சோனியாவை எதிர்த்த ஜிதேந்திர பிரசாதா பெற்றது 94. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுக் கருத்துக் கேளுங்கள், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். இவையெல்லாம் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களோ பிரதிநிதிகளோ மட்டும் வாக்களித்தவை, சாதாரண வாக்காளர் அல்லர் என்ற வேறுபாட்டை மட்டும் மறக்காமல் நினைவூட்டுங்கள்.

இப்போது நடப்பில் உள்ள மாவட்ட அரசியலையும், எந்தத் தொகுதியில் எவருக்குச் சீட்டு என்பதையும் அனுமதிக்காதீர்கள். ஓர் உதாரணத்துக்கு விட்டாலும் திரும்பப் பிடிக்க முடியாது. நூலகருக்கும் அடுத்த முறை அரங்கு தர மனம் வராது.

அணிகளும் வாக்கும்

பேச்சாளர்கள் நான்கு பேர் போதும். ஒவ்வொருவரும் தம் வாதத்தைத் தொடங்கும் முன், எதிர் அணியின் மிக வலுவான வாதத்தை அவர்களே ஒத்துக்கொள்ளும்படி ஒரு நிமிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். மேடைப் பேச்சில் பழகியவர்களுக்கு இது முதலில் கசக்கும், ஆனால் கைதட்டலுக்காக அள்ளி வீசும் பேச்சு இதனால் பாதியாகக் குறையும். நடுவர் தீர்ப்பு என்று ஒன்று வேண்டாம். பட்டிமன்றப் பழக்கத்தில் எல்லோரும் நடுவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று காத்திருப்பார்கள், தாமாக யோசிக்க மாட்டார்கள்.

என் பக்கத்தைக் கேட்டால், நான் வழிவிட வேண்டும் என்ற அணியில் இருக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. போட்டியாளர் எழுப்பும் குறை, நவம்பரில் எதிர்க்கட்சி எழுப்பத்தான் போகிற குறையாக இருந்தால், அதைச் சொந்த வீட்டில் ஆறு மாதம் முன்பே கேட்டுக்கொள்வது லாபம். தனிப்பட்ட பகையோ, அடுத்த முறைக்கு இப்போதே இடம் பிடிக்கும் ஆசையோ மட்டும் இருந்தால், தலைமை அமைதியாக எதிர்ப்பதில் தவறில்லை. தடுப்பதற்காக வாக்கெடுப்பையே ரத்து செய்வதும் தேதியை மாற்றுவதும் எந்த நிலையிலும் கூடாது. 2016 உட்கட்சிப் போட்டியில் தோற்ற சான்டர்ஸின் ஆதரவாளர்களை ஹிலாரியிடமிருந்து விலக்கியதில் போட்டியைவிடத் தலைமை ஒருபக்கம் சாய்ந்தது என்ற எண்ணத்துக்குப் பங்கு அதிகம். கட்சியே 2018 இல், பிரைமரி வாக்கின்றிப் பதவியாலேயே மாநாட்டுக்கு வரும் பதவிவழிப் பிரதிநிதிகளின் முதல் சுற்று வாக்கைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது அதனால்தான்.

தலைப்பின் மீது ஆம், இல்லை என்று ரகசியச் சீட்டு வாக்கைக் கூட்டம் தொடங்கும்போது ஒருமுறையும் முடியும்போது ஒருமுறையும் எடுங்கள். சீட்டின் மூலையில் ஒவ்வொருவரும் தமக்கு மட்டும் தெரிந்த ஒரு குறி போடட்டும். இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்த்தால் எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்பது பெயர் தெரியாமலே தெரிந்துவிடும். இரண்டாவது சீட்டின் பின்புறத்தில், மனம் மாறியவர்கள் தம்மை மாற்றிய ஆண்டை எழுதச் சொல்லுங்கள். 1980 என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "இல்லை" பக்கம் போனவர்களாகவும், 1972 என்று எழுதுகிறவர்கள் "ஆம்" பக்கம் வந்தவர்களாகவும் இருப்பார்கள். 2024 என்று எழுதியவர்கள் மட்டும் இரு பக்கமும் கலந்து கிடப்பார்கள்; அடுத்த கூட்டத்துக்கு, வாரிசுபோல் நிற்கும் துணை அதிபரை எதிர்க்கலாமா என்ற இரண்டாம் வகைக் கேள்வியை எடுக்க அவர்களையே பேச்சாளர்களாகப் போடுங்கள்.